விளக்குப் போடாமலே பாத்த குண்டுமணி

சுரங்கத்துக்கு அடியில, கும்மிருட்டுல உக்காந்து, எப்பவாச்சும் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தா பாத்துச் சொல்லணும். அந்த வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு கண்ணாடிக் குடுவைங்க வரிசையில நின்னுச்சுங்க. மொதல்ல நின்னது குண்டுமணி. தலை பூசணிக்கா சைஸு, வாய் அதவிடப் பெருசு. தோத்தா ஒடசல் போடற கூடைக்குத்தான் போகணும்னு அதுக்குப் பயம்.

பரீட்சை வைக்கிறது கறுப்புப் பெட்டி. குண்டுமணிய உள்ள விட்டு மூடியச் சாத்திட்டு, "வெளிச்சம் தெரிஞ்சா சொல்லுப்பா, தெரியலன்னா சும்மா இரு"ன்னுச்சு.

சும்மா இருந்தா குருடுன்னுல்ல நெனப்பாங்க?

"தெரியுதுண்ணே"ன்னுச்சு குண்டுமணி. "இந்தா, இன்னொண்ணு. கல்யாணப் பொண்ணு மூக்குத்தியாட்டம் மின்னுதுண்ணே."

"தம்பி, நான் இன்னும் விளக்கே போடல. சும்மா இருக்கத் தெரியுதான்னு பாக்கறதுதான் மொதப் பரீட்சை."

"அதான்ணே, நீங்க போடப்போறதப் பாத்தேன்."

பெட்டி மூடியத் தொறந்து கூடையக் காட்டுச்சு.

வரிசையில நின்னதுங்க எட்டிப் பாத்துச்சுங்க. "என்னண்ணே, கூடையில ஏறிட்டீங்க?"

"கூடையா? பல்லக்குடா. என்னைத் தலைவராப் போட்டுட்டாங்க."

"எப்படிண்ணே?"

"உள்ள போனதும் தெரியுது தெரியுதுன்னு அடிச்சுவிடு. சும்மா மட்டும் இருந்துடாத."

பொழுது சாயறதுக்குள்ள கூடை பிதுங்கிப்போச்சு. "தலைவர் மேல இடிக்காம தள்ளி உக்காருங்கடா"ன்னு குண்டுமணி அதட்டிக்கிட்டு இருந்துச்சு.