பீக்கரில் இருந்த நீலம்

கரையில் இறந்து ஒதுங்கும் கடலாமைகளின் ஓட்டுத் துண்டுகள் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அவற்றில் என்ன சாயம் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. பிப்ரவரியில் ஒதுங்கிய ஆமையின் ஓடு நீலமாக இருந்தது. சாய நிறங்களைக் காட்டும் என் ஷேடு கார்டு எதிலும் அந்த நீலம் இல்லை.

ஏப்ரலில் அதைப் பெருமாநல்லூரில் ஒரு சாயப்பட்டறைக்கு எடுத்துப் போனேன். டையிங் மாஸ்டர் மகுடேஸ்வரன் துண்டை நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்து, பக்கத்தில் ஒரு துணி மாதிரியை வைத்தார். இரண்டும் ஒரே நீலம்.

“இது எப்பப் போட்ட சாயம் மாஸ்டர்?”

“இன்னிக்குக் காலைல நானே கலக்குனதுங்க. அந்த பீக்கர்ல இருக்கறதுதான் மொத்தமுமே. ஒரு சொட்டு வெளிய போகலீங்க.”

ஓட்டுத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு மாதமாகக் காய்ந்து கிடந்தது. “இந்த ஆமை செத்து ஒதுங்கினது பிப்ரவரியில மாஸ்டர்” என்றேன்.

“ஒரு உசுரு போற கலரு நமக்கெதுக்குங்க? ஆர்டர் போனாப் போகுது” என்றார் மாஸ்டர். நான் தடுப்பதற்குள் பீக்கரை சிங்க்கில் கவிழ்த்துக் குழாயையும் திறந்துவிட்டார்.

நீலம் சுழன்று இறங்கியது. நான் சிங்க்கிலிருந்து தள்ளித்தான் நின்றிருந்தேன்; ஆனாலும் என் கையிலிருந்த துண்டு நனைந்திருந்தது. ஈரமான விரலை நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது.