ஆற்றங்கரையில் இரண்டு ஜெர்மன்காரர்கள்

‘டமார்’ என்று ஒரு சத்தம். ஐசெல் ஆற்றங்கரை மேட்டுப் பாதையின் வளைவில் இரண்டு சைக்கிள்கள் நேருக்கு நேர் மோதின. ஹெல்மெட்டுகள் தரையில் இடிபட, இரண்டு பேர் புல்லில் கிடந்தார்கள்.

“மன்னிக்க வேண்டும்,” என்றார் ஒருவர், ஜெர்மன் மொழியில்.

“தாங்கள்தான் என்னை மன்னிக்க வேண்டும்,” என்றார் மற்றவர், அதே ஜெர்மன் மொழியில்.

இரண்டு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. குளிர்காற்றுக்காக மூக்கு வரை ஏற்றிவிட்ட கழுத்துத் துணி. ஹாலந்தில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சைக்கிள் விடுகிறவன் ஜெர்மனியிலிருந்து சுற்றிப் பார்க்க வந்தவன் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் இருவரில் குட்டையாக இருந்தவர் ஜெர்மன்காரர் இல்லை. பக்கத்திலுள்ள ஓல்டர்வைக் நகர மன்றத்தின் உறுப்பினர் ஹார்மன் கோல்டவைன். வயது அறுபத்து மூன்று.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு நகராட்சியே பாதி விலையில் ஹெல்மெட் கொடுக்கலாம் என்று போன மாதம் மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. “தலைக்கு மேல ஓடு வெச்சுக்க நாம என்ன ஆமையா? அதெல்லாம் ஜெர்மன்காரங்களுக்கு,” என்று எழுந்து பேசிக் கைதட்டல் வாங்கியவர் ஹார்மன்தான். உள்ளூர்ப் பத்திரிகை அதைக் கொட்டை எழுத்தில் போட்டது.

அடுத்த வாரமே பேக்கரி வாசலில் சைக்கிள் வழுக்கி விழுந்தார். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, தலையில் இன்னொரு அடி பட்டால் பேச்சே போய்விடலாம் என்றார்.

மனைவி யான்டீன் வீட்டில் தீர்ப்புச் சொன்னாள். “உங்க பேச்சு போனா ஊருக்கு நல்லதுதான். ஆனா உங்களுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு உக்கார என்னால ஆகாது. ஹெல்மெட் இல்லாம இனிமே சைக்கிள்ல ஏறக் கூடாது.”

அன்றிலிருந்து ஹார்மன் ஊருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஊர் எல்லை தாண்டியதும் ஹெல்மெட்டை மாட்டி ஜெர்மன்காரர் ஆனார்.

இன்று மாலை ஏழரைக்கு வாக்கெடுப்பு. ஹார்மன் கட்சியின் ஏழு உறுப்பினர்களும் சேர்ந்து எதிர்த்தால் தீர்மானம் தோற்கும். மாற்றி ஓட்டுப் போடுகிறவர் பெயர் அடுத்த தேர்தலின் வேட்பாளர் பட்டியலில் இருக்காது என்று கட்சித் தலைவர் விசிங்க் கறாராகச் சொல்லியிருந்தார். இந்தக் கோலத்தில் தெரிந்தவர் யாராவது பார்த்தால், பதினாறு வருடப் பதவி இன்றோடு சரி.

“தாங்கள் எந்த ஊர்?” என்று முழங்காலைத் தேய்த்தபடி கேட்டார் நெட்டை ஆசாமி.

“முன்ஸ்டர்,” என்றார் ஹார்மன்.

“அப்படியா? நானும் முன்ஸ்டர்தான்.”

ஹார்மன் கழுத்துத் துணியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். “அது... பெரிய ஊர்.”

“மிகவும் பெரிய ஊர்,” என்று நெட்டை ஒப்புக்கொண்டார். நல்லவேளை, அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக ஹார்மன் பழக்க தோஷத்தில் பையிலிருந்து, ஹாலந்துக்காரர்கள் விரும்பிச் சப்பும் உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயை எடுத்து நீட்டிவிட்டார். நீட்டிய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். எந்த ஜெர்மன்காரன் இதைப் பையில் வைத்துக்கொண்டு திரிவான்? போன வருடம் ஒரு ஜெர்மன் விருந்தாளி இதை வாயில் போட்ட வேகத்தில் கைக்குட்டையில் துப்பினார்.

நெட்டை ஆசாமி இரண்டு எடுத்து, கழுத்துத் துணிக்கு அடியில் தள்ளி, நிதானமாகச் சப்பினார். ஹார்மனுக்கு மூச்சு வந்தது.

அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள், சீஸ் கடை ரீக்கா தன் தோழியோடு சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். ஊரின் பாதி வம்பு அவள் கடையில்தான் பிறக்கும். ஹார்மன் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அடியே, இங்க பாருடி. ரெண்டு ஆமை மல்லாந்து கிடக்குது,” என்றாள் ரீக்கா. “நம்ம ஹார்மன் சும்மா சொல்லல. ஏங்க பெரியவரே, ஓட்டுக்குள்ள தலை இருக்குதா, தொட்டுப் பாத்தீங்களா?”

மணியை அடித்துச் சிரித்துக்கொண்டே இருவரும் போய்விட்டார்கள்.

நெட்டை தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அவர் ஹெல்மெட்டின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருப்பதை ஹார்மன் பார்த்தார். ஹெல்மெட் இல்லாவிட்டால் அந்த வெடிப்பு எங்கே ஓடியிருக்கும் என்று நினைத்ததும் தன் ஹெல்மெட்டையும் ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார். பாவம், ஊர் பார்க்க வந்த மனிதர் அடியும் பட்டு, என் நகைச்சுவையையும் அல்லவா வாங்கிக்கொண்டார்?

பள்ளிக்கூடத்தில் படித்த ஜெர்மன் இதற்கு மேல் போதவில்லை. ஹார்மன் தன் சொந்த மொழியிலேயே மெதுவாகச் சொன்னார்.

“உங்களுக்குப் புரியுமோ என்னமோ தெரியலைங்க. அந்த ஆமை ஜோக்கு என்னோடது. நான் ஜெர்மன்காரனும் இல்ல, முன்ஸ்டர் எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. இந்த ஊர் கவுன்சிலர், பேரு ஹார்மன். இன்னைக்குச் சாயங்காலம் ஹெல்மெட்டுக்கு ஆதரவா ஓட்டுப் போடப் போறேன். அதுவரைக்கும் எங்க தலைவர் விசிங்க் காதுக்கு மட்டும் இது போகக் கூடாது. அந்த ஆளு எப்படியும் பட்டியல்ல என் பேரை அடிச்சுடுவாரு, ஓட்டுப் போடறதுக்கு முன்னாடியே தடுத்துடக் கூடாது.”

நெட்டை ஆசாமி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கழுத்துத் துணியை மெல்ல இறக்கினார்.

“பேரை அடிக்க மாட்டேன், ஹார்மன். நம்ம ஏழு பேர்ல, என்னையும் சேர்த்து, நீங்க நாலாவது ஜெர்மன்காரர்.”