பழகிய விளக்கு

புது வேலைக்குச் சைக்கிளில் போவதற்காகப் பூங்கோதை விளக்கு வாங்க வந்திருந்தாள். கணவன் தணிகைவேலும் கூட வந்திருந்தான்.

"இதை எடுங்கம்மா," என்றார் கடைக்காரர். "ஒரு மாசம் பக்கத்துலயே ஓடின சைக்கிள் கிட்ட வந்தா, வெள்ளை வெளிச்சம் மஞ்சளாயிடும். கூட்டத்துல நம்ம ஆளைத் தவறவிட மாட்டீங்க. சாரும் இதைத்தான் வச்சிருக்கார்." வாசலில் நின்ற தணிகைவேலின் சைக்கிளில் விளக்கைப் போட்டுக் காட்டினார்.

"அவளுக்குச் சாதா விளக்கே போதும்," என்றான் தணிகைவேல் அவசரமாக.

அப்போது ஒரு பெண் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தாள். தணிகைவேலின் விளக்கு மஞ்சளானது.

"எங்க கம்பெனி ரோஸ்லின். ஒரே ரோடு, அதான்..." என்று இழுத்தான்.

பூங்கோதை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இப்படி ஒருத்தி இருப்பதாக அவன் வீட்டில் சொன்னதே இல்லை. அந்த விளக்கையே வாங்கினாள்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?" என்று ரோஸ்லினைக் கேட்டாள்.

"ஏழு மணிக்குக்கா."

"நானும் வர்றேன்."

மறுநாளிலிருந்து தணிகைவேல் சங்கடப்பட்டு முன்னால் போய்விடுவான். பூங்கோதை ரோஸ்லினை விட்டு ஓரடிகூட விலகவில்லை. ரோஸ்லின் சொல்லும் கதைகளுக்குச் சில நாள் சிரித்துவிடுவாள். பிறகு, சிரித்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வாள்.

ஒரு மாதம் கழிந்தது. அன்று காலை கணவனின் பக்கத்தில் நின்றபோது அவள் விளக்கு வெள்ளையாகவே எரிந்தது. தெருமுனையில் ரோஸ்லின் வந்ததும் அவன் விளக்கும் அவள் விளக்கும் ஒன்றாக மஞ்சளாயின.

பூங்கோதை தன்னுடையதைச் சட்டென்று கையால் மூடிக்கொண்டாள்.