தெர்மாமீட்டர் அத்தை

“இந்த ஊசியை முதல்ல எந்தக் குழந்தைக்குப் போட்டுப் பாத்தாங்க? அதைச் சொல்லுங்க. அப்புறம் என் பொண்ணுக்குப் போடலாம்.”

தையல்காரி குனிந்த தலையோடு, மகளை இறுக்கிக்கொண்டே கேட்டாள். எட்டு வருஷம் தவமாய்த் தவமிருந்து பெற்ற பிள்ளை. பிறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது.

பதில் வரவில்லை. வெளியே வரிசையில் நின்றபோதே பெண்கள் காதைக் கடித்திருந்தார்கள், உள்ளே இருக்கிற நர்ஸ் கல்நெஞ்சக்காரி என்று. பொய்யில்லை. சற்று முன் ஒரு பயல் கட்டடமே அதிரக் கத்தினான். இந்த அம்மாள் நிதானமாகப் பஞ்சு மடித்துக்கொண்டிருந்தாள்.

“நிமிந்து என்னைப் பாத்துக் கேளும்மா” என்றாள் நர்ஸ். பேச்சில் ஏற்ற இறக்கமே இல்லை.

பெரிய மகாராணி என்று மனதுக்குள் நொடித்துக்கொண்டு, தையல்காரி நிமிர்ந்து மறுபடி கேட்டாள்.

நர்ஸின் முகம் மலர்ந்துவிட்டது. “எங்களுக்குத்தான் போட்டுப் பாத்தாங்க! நான் கைக்குழந்தை. இதே அறை. அப்போ சுவரு முழுக்க வாத்துப் படம் வரைஞ்சிருக்கும்.”

“உங்களுக்கா? பெத்தவங்க எப்படிச் சம்மதிச்சாங்க?”

“பக்கத்து வீட்டுக் குழந்தை மூளைக்காய்ச்சல்ல போயிடுச்சு. அதைப் பாத்த பயம். அந்தக் கிருமி சர்க்கரையாலயே ஒரு போர்வை போத்திக்கிட்டு வரும். சின்னக் குழந்தை உடம்புக்கு அது எதிரின்னே தெரியாது. அந்தப் போர்வையில ஒரு துணுக்கை எடுத்து, ஒரு புரதத்தோட சேத்துக் கட்டினதுதான் இந்த மருந்து. உடம்பு சட்டுன்னு முழிச்சுக்கும்.”

“கெடுதல் எதுவும்...?”

“ஒருநாள் ரெண்டுநாள் காய்ச்சல் வரலாம், தொடை வீங்கலாம். அதைப் பாக்கத்தானே அப்போ எங்க வீட்டுக்குத் தெர்மாமீட்டர் அத்தை வருவாங்க!” நர்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “சொந்தம் இல்லம்மா, ஆராய்ச்சிக்காரங்க அனுப்பின ஆளு. காய்ச்சல் பாத்துட்டுக் கிளம்பணும், அவ்வளவுதான் வேலை. ஆனா கிளம்பவே மாட்டாங்க. சமையல்கட்டுல உக்காந்து அம்மாவோட ஊர்க்கதையெல்லாம் பேசுவாங்க. நான் நடந்து, ஓடி, பேச ஆரம்பிச்ச பிறகும் வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. என்னை மடியில போட்டு ஒரு வாத்துப் பாட்டுப் பாடுவாங்க. குரல் சுமார்தான். ஆனா இன்னும் காதுலயே இருக்கு.”

கல்நெஞ்சக்காரியின் கண் பளபளத்தது. தையல்காரிக்கு என்னவோ போலிருந்தது.

“சரி, இது வேலை செய்யுதுன்னு எப்படித் தெரிஞ்சுது?”

“பாதிப் பேருக்கு இந்த ஊசி. மீதிப் பேருக்கு வேற நோய்க்கான ஊசி. சீசா ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். யாருக்கு எதுன்னு போடுறவங்களுக்கே தெரியாது. எல்லாம் முடிஞ்சு கடைசியில பிரிச்சுப் பாத்தாங்க. இந்த ஊசி போட்டவங்கள்ல மூளைக்காய்ச்சல் வந்தவங்க ரொம்பக் கம்மி. வந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதுக்கப்புறம்தான் எல்லாக் குழந்தைக்கும் போட ஆரம்பிச்சாங்க.”

தையல்காரி குனிந்து மகளின் துணியைச் சரிசெய்தாள். “உங்களுக்கு எந்த சீசா வந்துச்சுக்கா?”

நர்ஸ் பதில் சொல்லவில்லை. சொல்லத்தான் வேண்டுமா? எதிரே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாளே, அதுவே போதாதா? தையல்காரி மூச்சை இழுத்துவிட்டு, நிமிர்ந்து தலையாட்டினாள்.

ஊசி இறங்கியது. குழந்தை வீறிட்டு அலறியது. தையல்காரி சீறினாள்.

“இப்படித் துடிக்கிறா, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாக்கா?”

நர்ஸ் குழந்தையின் திறந்த வாயையே ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தையல்காரியின் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“ரொம்பச் சத்தமா அழறாளாம்மா?”

“ஏன்க்கா, உங்களுக்குக் கேக்கலையா?”

“எனக்கு வந்தது அந்த இன்னொரு சீசா. மூணு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து ரெண்டு காதும் போச்சு, உன் உதட்டைப் பாத்துத்தான் இவ்வளவு நேரமும் பேசிக்கிட்டிருக்கேன். நான் கடைசியாக் கேட்டது அத்தையோட அந்த வாத்துப் பாட்டுத்தான்.”