பச்சை ஒயர்

குணசீலன் ஒயரைப் பல்லால் கடிக்கவில்லை. நாச்சிமுத்துவுக்குச் சந்தேகம் வந்ததே அதனால்தான்.

மரவள்ளிக் காட்டுக்குள் குந்தியபடி, கிணற்றடியில் தம்பி செய்வதையெல்லாம் அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

குணசீலன் கையில் புத்தம் புதிய ஒயர் ஸ்ட்ரிப்பர். பச்சை ஒயரை அதன் ஓட்டைகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். சரியான ஓட்டை அமைந்ததும் மெல்ல அழுத்தி, அரைச் சுற்றுத் திருப்பி, இழுத்தான். மேல்தோல் வளையமாகக் கழன்று வந்தது.

மீசை முளைத்த நாளிலிருந்து பல்லால் கடித்தே ஒயர் உரிக்கிறவன். முன்பல்லின் ஓரம் உடைந்ததே அப்படித்தான்.

நேற்றுத் திருச்செங்கோட்டுக் கடையில் அவன் அதை வாங்கியதையும் நாச்சிமுத்து பார்த்திருந்தார். பிவிசி பைப் அடுக்குக்குப் பின்னால் நின்றுகொண்டு.

பெண் பார்க்கப் போன அன்றுகூட அவன் அவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. ஸ்ட்ரிப்பரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தான். துண்டு ஒயர் கேட்டு வாங்கி உரித்தான். உள்ளே இருந்த செம்பு இழையில் ஒன்று அறுபட்டது என்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்தான்.

அப்படி என்ன வேலைக்கு இத்தனை சுத்தம்?

கிணறு இருவருக்கும் பொது. மோட்டாரும் அதன் ஸ்டார்ட்டர் பெட்டியும் பொது. ஒரு நாள் அண்ணன் முறை, மறுநாள் தம்பி முறை. வரப்புத் தகராறில் பேச்சு நின்று நாலு வருடம் ஆகியும் தண்ணீர் முறை மட்டும் தவறியதில்லை.

இன்று அண்ணன் முறை. கரண்ட் வருவதற்குள் இவனுக்குப் பெட்டிப் பக்கம் என்ன வேலை?

குணசீலன் எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஸ்ட்ரிப்பரைத் துடைத்து மடியில் செருகிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் இருந்த தன் வீட்டுக்குப் போய்விட்டான்.

நாச்சிமுத்து பெட்டியிடம் போனார். லாரியிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்தவர் அவர். மோட்டார் போடுவதெல்லாம் மகள் யுவஸ்ரீதான். அவர் அந்தப் பெட்டியைத் தொட்டே மாதக்கணக்காகிறது.

திறந்து பார்த்தார். உள்ளே எதுவும் மாறவில்லை. வெளியே, இரும்புப் பெட்டியின் உடம்பில் புதிதாக ஒரு போல்ட் முடுக்கியிருந்தது. அதில் அந்தப் பச்சை ஒயர். ஓர் இழைகூட அறுபடவில்லை. கொல்ல நினைக்கிறவனுக்குத்தான் இவ்வளவு நிதானம் வரும் என்று நினைத்துக்கொண்டார்.

அது மோட்டாருக்கும் போகவில்லை, லைனிலிருந்தும் வரவில்லை. நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. கிளறிய ஈரம்கூடக் காயாத மண்.

கையால் தோண்டினார். கரி வந்தது. அதற்கடியில் உப்பு, அள்ள அள்ள உப்பு.

கையை உதறிக்கொண்டு எழுந்தார். செய்வினை!

போன மாதம் லாரி குடை சாய்ந்தது, எருமை செத்தது எல்லாவற்றுக்கும் இப்போது காரணம் தெரிந்துவிட்டது. அதே பெட்டியைத்தான் தம்பியும் தொடுகிறான் என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

போல்ட்டைக் கழற்றினார். ஒயரைப் பலம்கொண்ட மட்டும் இழுத்தார். மண்ணுக்குள் எங்கோ அறுந்து கையோடு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் போட்டு நியாயம் கேட்க வேண்டுமே, அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டார்.

பல நாளுக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது. வண்டித்தடத்திலேயே மெதுவாக நடந்து வீடு வந்தார். மகளைக் காணோம். பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மனைவி கண்ணாத்தாளிடம் கேட்டார்.

“வரப்பு வழியா மோட்டார் போடப் போயிருக்கறாளுங்க. பொட்டியத் தொட்டா சுர்ருங்குதுன்னு இத்தன நாளா குச்சியிலதான் பட்டன அமுத்திட்டிருந்தா. நீங்க சண்டைக்குப் போயிருவீங்கன்னு உங்ககிட்டச் சொல்லலீங்க. அவ சித்தப்பன்கிட்டச் சொல்லியிருக்கறா. அவரு, கசியற கரண்ட்டு மண்ணுக்குள்ள போறாப்ல உப்பும் கரியும் கொட்டி எர்த்து போட்டுட்டேன், இனிமேக் குச்சி வேண்டாஞ் சாமி, கையிலயே தொடுன்னு இப்பத்தான் போன் பண்ணுனாராமா.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் சுற்றிலும் காடுகளில் மோட்டார்கள் ஒன்றன்பின் ஒன்றாக இரையத் தொடங்கின. கரண்ட் வந்துவிட்டது.

மகளின் போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது.

நாச்சிமுத்து ஓடினார். மரவள்ளிக் குருத்துகளுக்கு மேலே, தூரத்தில், யுவஸ்ரீயின் தலை தெரிந்தது. கிணற்றை நெருங்கிவிட்டாள். கத்தினார். மோட்டார் இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

போகும் வழியில், குணசீலன் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தான். அவன் நினைத்தால் போதும், ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்துவிடலாம். ஒரு குரல் கொடுத்தாலும் போதும்.

“டேய், குணா!”

நாலு வருடத்தில் முதல் முறையாகத் தம்பியைக் கூப்பிட்டார். அதற்கு மேல் மூச்சு வரவில்லை. கையைக் கிணற்றுப் பக்கம் வீசி வீசிக் காட்டிக்கொண்டே ஓடினார்.

குணசீலன் திரும்பிப் பார்த்தான். மடித்துக் கட்டிய வேட்டியோடு, அவன் போட்ட ஒயரைப் பிடுங்கிச் சாட்டை மாதிரி வீசிக்கொண்டு, அண்ணன் ஓடி வந்துகொண்டிருந்தார்.

அவன் உள்ளே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.