மூணாவது குகை

"ரெண்டாவது குகை தோண்டி முடிஞ்சிது லேயா. நாளைக்கி மூணாவதுல கை வைக்கிறாராம் துரை." மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுச் சொன்னான் ஞானமுத்து.

லேயாள் கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தாள். "அய்யோ! பாத்தா வண்டியில ஏத்திக் கொண்டுபோய்டுவாங்களே!"

"கத்தாத."

"மலையடியில பழைய பட்டணம் இருந்தா தோண்டிக்கட்டும். நம்புளுது மேல சர்க்காருக்கு இன்னா பாத்தியதை? இப்பவே வேற எடத்துக்கு மாத்திடு."

"அசைச்சா தாங்காது. நான் பாத்துக்கறேன், வுடு."

மறுநாள் காலை, மூணாவது குகைக்குள் குனிந்த துரை, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார். "இன்னாடா செத்துக் கிடக்குது உள்ள?"

"நரிங்க போல, துரை," என்றான் ஞானமுத்து. விடியுமுன் தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து பச்சைத்தோல் கழிவை வாரிவந்து வாசலில் கொட்டியவன் அவன்தான்.

"நாத்தம் போகட்டும். மலைக்கு அந்தப் பக்கம் தோண்டுங்க."

சாயங்காலம் ஆட்கள் போனதும் ஞானமுத்துவும் லேயாளும் கழிவைத் தாண்டி உள்ளே ஊர்ந்தார்கள். சாக்குப் படுதாவுக்குப் பின்னால் அவர்கள் மகள் ரூத் கிடந்தாள். காய்ச்சல் கண்டவர்களைச் சர்க்கார் அடைக்கும் பிளேக் கொட்டகைக்கு ஏற்றிப்போன யாரும் அவர்கள் தெருவுக்குத் திரும்பியதில்லை. அதனால்தான் ஒளித்து வைத்திருந்தார்கள். காய்ச்சல் கண்டதிலிருந்து பெற்றவர்களையே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்டாள். "ச்சீ! இன்னாப்பா இந்த நாத்தம்?"

"நாத்தம் தெரியுதாடி கண்ணு?" என்று கேட்ட லேயாள், அந்த நாற்றத்திலேயே உட்கார்ந்து கஞ்சியை ஊட்டினாள்.