ஏலக்காய்த் தோல்

"யாருட்டி வந்துட்டுப் போனா?"

"யாரும் வரலையே" என்றாள் இசக்கிசெல்வி.

லிங்கேஸ்வரன் டீத்தூள் டப்பாவைப் பட்டென்று மூடினான். விருந்தாளி வந்தால் அவள் ஏலக்காயை உரித்து, விதையை அவர்கள் டீயில் தட்டிப் போடுவாள். தோலை டப்பாவுக்குள் போட்டுவைப்பாள். வீட்டு ஆட்களுக்கு அந்த வாசனை போதும். இந்த வாரம் முழுக்க டப்பாவில் புதுசு புதுசாகப் பச்சைத் தோல் கிடக்கிறது. அப்படியானால் விதையைக் குடித்தது யார்?

மறுநாள் குற்றாலத்தில் நல்ல சாரல், நல்ல கூட்டம். ஆட்டோவில் ஏற வந்தவர்களை, "வேற வண்டி பாருங்க" என்று விரட்டிவிட்டு மத்தியானமே தென்காசிக்குத் திருப்பினான். வழியெல்லாம் அந்தத் தோல்தான் கண்ணுக்குள் நின்றது.

வாசலிலேயே ஏலக்காய் மணந்தது. உள்ளே, விருந்தாளிக்கென்றே எடுத்துவைத்த பூப்போட்ட கப்பில் ஆவி பறந்தது.

"யாருக்குட்டி இது?"

"கடையத்து ஆளுக்கு."

அறை அறையாகத் தேடினான். கட்டிலுக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தான்.

"எங்கட்டி அந்த ஆளு?"

இசக்கிசெல்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கப்பைக் கையில் எடுத்தாள்.

"என்னையக் கடையத்துலேருந்துதான கெட்டிக் கூட்டியாந்திய? இத்தன வருசமாத் தோலு டீதான் குடிச்சேன்."

நிதானமாக ஒரு வாய் உறிஞ்சினாள்.

"தோலு டப்பால கெடக்கு. உங்க டீய நீங்க போட்டுக்கிடுங்க."